பரீதா மதினி இருக்காத இத்தா

அந்த மனிதர் வந்தபோது வாப்பா முற்றத்தில் கராம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தார். பாயை விரித்துக் கொட்டி, வெறுங்காலால் துழாவித் துழாவிப் பரப்புவது அவர் வழக்கம். அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் அந்த வாசம்தான். சோற்றில்கூட இருக்கும்.

வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஒல்லியான, வெயிலில் கறுத்த ஆள். தோளில் ஒரு சிறிய அரிசிச் சாக்கு. இது நஸீருடைய வீடுதானா என்று சிங்களத்தில் கேட்டார்.

வாப்பாவின் கால் நின்றுவிட்டது. பிறகு அவரே போய்க் கேட்டைத் திறந்து, சாக்கைத் தோளிலிருந்து இறக்க உதவி, கதிரை எடுத்துப் போட்டார்.

அவர் பெயர் சோமபால, ஊர் வில்கமுவ. என் அண்ணன் நஸீர் நானா இருந்த அதே ஆமிக் கேம்பில் தானும் இருந்ததாகச் சொன்னார். நான் குசினிக்கு ஓடினேன். நானாவின் மனைவி பரீதா மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றார்.

நானா காணாமல் போய் அப்போது ஏறக்குறைய ஒரு வருடம்.

வாப்பா விருந்தாளியிடம் நெல்லைப் பற்றிக் கேட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, யானைத் தொல்லை எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை பஸ் ஓடுகிறது என்றெல்லாம் கேட்டார். அவரும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, "நஸீர் மல்லி..." என்று, தம்பி முறை சொல்லித் தொடங்குவார். உடனே வாப்பாவிடமிருந்து இன்னொரு கேள்வி வரும். பகல் சாப்பாடும் ஆயிற்று. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கை கழுவிய பிறகு அந்த மனிதர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "முதலாளி, நான் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன். அன்றைக்கு நான் நஸீரோடு இருந்தேன்."

"என்ட மகன் ஈக்கிறான்" என்றார் வாப்பா.

இருக்கிறான் என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதையே சிங்களத்திலும் ஒரு தரம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "போய்ட்டு வாங்க மகன்" என்று அந்த மனிதரின் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

சோமபால போகும்போது திரைப் பக்கம் பார்த்தார். வில்கமுவையில் இறங்கி, இரண்டாவது வாய்க்கால் எங்கே என்று கேட்டால் போதும், தன் வீட்டை யாரும் காட்டுவார்கள் என்றார். வாப்பாவிடம்தான் சொன்னார். ஆனால் உள்ளே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தபோது மதினி அங்கே இல்லை. திரையில் அவர் பிடித்திருந்த இடத்தில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

தமிழ் தெரிந்த சிப்பாய்

இந்தத் தொடரில் வாப்பாவின் பலசரக்குக் கடையைப் பற்றியும், உம்மா இல்லாமல் நான் வளர்ந்ததைப் பற்றியும் முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டை அறிந்த உக்குவளை வாசகர்கள் சிலர், ஆமியில் இருந்த நானாவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். விடவில்லை. மதினியிடம் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. போன மாதம் கேட்டேன். "எழுதுங்க பஸீலா. உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றார்.

நானாவைக் கடையில் உட்கார வைக்கத்தான் வாப்பா நினைத்திருந்தார். அவருக்கோ மிளகு நிறுப்பதில் ஒரு நாளும் மனம் ஒட்டவில்லை. கண்டிக்கு ஒரு வேலையாகப் போகிறேன் என்று போனவர், ஆமியில் சேர்ந்துவிட்டு வந்தார். வாப்பா அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. பயிற்சி முடிந்து யுனிபோர்மோடு வந்து நின்றபோதுதான் பேச்சு வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றார். அவ்வளவுதான்.

முதலில் நானாவுக்குக் காவல் வேலை. பிறகு அவருக்குத் தமிழ் தெரியும் என்று கண்டுகொண்டார்கள். வடக்கில் ஒரு கேம்பில், காதில் கருவியை மாட்டி, வானொலிச் செட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கத்து இயக்கப் பொடியன்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டு மொழிபெயர்க்க வேண்டும். வீட்டில் நாங்கள் சோறு கேட்ட மொழிதான் அங்கே அவருடைய ஆயுதமாயிற்று.

லீவில் வந்தால் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு பொடியனைப் பற்றி மட்டும் சொன்னார். பேசுகிற நேரமெல்லாம் இருமுவானாம். "கொத்தமல்லி அவிச்சுக் குடின்னு சொல்லணும் போல ஈக்கும்" என்று சிரித்தார். அடுத்த லீவில் நான்தான் கேட்டேன், இருமுகிறவன் எப்படி இருக்கிறான் என்று. அவன் குரல் இப்போது கேட்பதில்லை என்றார். அந்தத் தடவை வீட்டில் இருந்த நாளெல்லாம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பரீதா மதினியை அவர் கட்டியதும் ஒரு லீவில்தான். மதினியின் ஊர் நாலந்தா. பெரிய ரோட்டோரம் அவர்களுக்குக் கடை இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினாறு. நான் தலை பின்னத் தெரியாமல் ரப்பர் வளையத்தில் கட்டிக்கொண்டு திரிந்தேன். வந்த மறுநாளே என்னைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு நான் ஆசிரியை ஆகி, கல்யாணம் முடித்து, என் கணவர் எங்கள் வீட்டோடு வந்து இருந்தபோதும், அவசரமான காலைகளில் என் தலையை அவர்தான் பின்னிவிட்டார்.

நானாவும் அவரும் சேர்ந்து இருந்த நாட்கள் மிகக் குறைவு. லீவுகளை எல்லாம் கூட்டினால் ஒரு மழைக்காலம் வருமோ என்னவோ.

காணவில்லை

ஒரு நாள் கிராம சேவகரோடு இரண்டு இராணுவத்தினர் வந்தார்கள். கேம்ப் விழுந்துவிட்டது, நஸீரைக் காணவில்லை என்றார்கள். உடல் கிடைத்தது என்று சொல்லவில்லை. இறந்துவிட்டார் என்றும் சொல்லவில்லை.

வாப்பா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். காணவில்லை என்றால் தேட வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கெங்கே கேட்கலாமோ அங்கெல்லாம் போய்க் கேட்டார். பிடிபட்டவர்களில் சிலரை விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கும் விதத்திலேயே எங்களுக்கு விளங்கிவிடும்.

சில வருடங்கள் கழித்து, இறந்தவராகக் கருதுவதாக அறிவித்தார்கள். மாத்தளையில் படைவீரர் நினைவுத் தூணில் பெயர் பொறிக்கப் போவதாகச் சொல்லி ஒரு படமும் கேட்டார்கள். வாப்பா படம் கொடுக்கவில்லை. பெயரை மட்டும் பொறித்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் அஞ்சலி நிகழ்வுக்கு அழைப்பு வரும். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை.

பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து, உடல் இல்லாவிட்டாலும் காயிப் ஜனாஸா தொழலாமே என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆள் முன்னால் இல்லாமல் மௌத்தானவருக்காகத் தொழுவது அது. உயிரோடு இருக்கிறவனுக்கு எவராவது ஜனாஸா தொழுவார்களா என்று வாப்பா கேட்டார். யாஸீன் ஓதவும் விடவில்லை. மௌத்தான நாளை நினைத்து ஓதும் வருடக் கத்தமும் கிடையாது. நானாவின் பெயர் எங்கள் வீட்டில் தினம் பத்து முறை புழங்கியது. மௌத்தானவர்களுக்காக ஏந்தும் கைகளில் மட்டும் அது வரவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர் மதினிதான். எங்களில் கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். வெள்ளை உடுத்து, வீட்டோடு இருந்து, துஆவும் தொழுகையுமாக அந்த நாட்களைக் கழிப்பார். முடிந்த பிறகு அவர் தாய்வீட்டுக்குப் போகலாம், விரும்பினால் மறுமணம் செய்யலாம். மதினிக்கு அந்த முதல் நாள் வரவே இல்லை. இத்தா இருந்தால் நானா மௌத்து என்று ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் வாப்பா அவருக்கு நிறநிறமாகத் துணி வாங்கி வருவார். கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை. மதினி உடுத்துக்கொண்டு வந்து மாமனாருக்கு ஸலாம் சொல்வார்.

வாப்பா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மதினிக்கு டெங்கு வந்தபோது கண்டி ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துக் கிடந்தவர் அவர். மதினியை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். என்னை அப்படி அழைத்ததைவிட அவரைத்தான் அதிகம் அழைத்திருக்கிறார்.

மாத்தளையிலிருந்து ஒரு பேச்சு

மதினிக்கு முப்பது நடந்துகொண்டிருந்தபோது நாலந்தாவிலிருந்து அவருடைய மூத்த சகோதரர் வந்தார். மாத்தளையில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் மதினியைக் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், சிறு பிள்ளைகள் இருவர், நல்ல மனிதர் என்று விசாரித்தும் பார்த்திருந்தார்கள். எங்கள் கல்யாண விஷயங்களைத் தீர்க்கும் காதியாரிடம் போக வேண்டும். கணவன் வீட்டார், மகன் மௌத்து என்று ஒத்துக்கொண்டால் காரியம் இலேசாகிவிடும்.

அதைக் கேட்கத்தான் அவர் வந்தார். அரை நாள் இருந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

வாப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. உள்வாசல் பக்கம் திரும்பி மதினியிடம் பேசினார்.

"மகள், நாளைக்கு அவன் வந்து நின்டு, பரீதா எங்க வாப்பான்னு கேட்டா நான் என்ன செல்ற?"

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. "எனக்கு வேணாம் மாமா."

சகோதரர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பல வருடம் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தப் புடவைக்கடைக்காரர் அடுத்த வருடம் குருநாகல் பக்கம் கல்யாணம் முடித்தார் என்று கேள்விப்பட்டோம்.

அன்று காலையில் மதினி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்திருந்தார். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பூப்போட்ட கோப்பைகளை இறக்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போர் முடிந்த நாளும் நினைவிருக்கிறது. சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து பாற்சோறு வந்தது. வாப்பா முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். இனிப் பாதையெல்லாம் திறந்துவிட்டது, அடைபட்டுக் கிடந்தவர்கள் எல்லாரும் வருவார்கள் என்றார். நானாவுக்குப் பிடித்த மாட்டிறைச்சிக் கறி சமைக்கச் சொன்னார். மதினி சமைத்தார். அன்று மட்டுமல்ல, அந்த மாதம் முழுக்கச் சமைத்தார். நாங்கள்தான் சாப்பிட்டோம்.

ரீட்டா டீச்சர் சொன்னது

வாப்பா நான்கைந்து வருடங்களுக்கு முன்னால் மௌத்தானார். கடைசி நாட்களில் நினைவு வந்து வந்து போயிற்று. நினைவு வந்த ஒரு பொழுதில் மதினியைக் கூப்பிட்டு, அவன் வந்தால் கடைச் சாவியைக் கொடுக்கும்படி சொன்னார். மதினி சரி என்றார்.

அடக்கம் முடிந்து நான் பாடசாலைக்குத் திரும்பிய நாட்களில், ஆசிரியர் அறையில் ரீட்டா டீச்சரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரீட்டா டீச்சர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். பல வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு. அவருடைய தம்பி கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில், தங்கியிருந்த விடுதியிலிருந்து ஒரு வாகனத்தில் வந்தவர்களால் கொண்டுபோகப்பட்டார். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். தம்பியின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

பேச்சோடு பேச்சாக, வில்கமுவையிலிருந்து வந்த அந்த மனிதரைப் பற்றியும் சொன்னேன். டீச்சர் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடினார்.

"உங்க வீட்டுக்கு ஒருத்தர் தேடி வந்து சொல்லப் பார்த்திருக்காரு. எங்க அம்மா கண்ண மூடுற வரைக்கும் அப்படி ஒருத்தர் வருவாரான்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. போய்க் கேளுங்க டீச்சர். அந்த மனுசன் இருக்கும்போதே கேளுங்க."

மாலையில் மதினி அரிசி கழுவும்போது இதைச் சொன்னேன். அவர் கழுவிய அரிசியையே மறுபடியும் கழுவினார். அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, சனிக்கிழமை உங்களுக்கு ஸ்கூல் இல்லைதானே என்று கேட்டார்.

இரண்டாவது வாய்க்கால்

மாத்தளைக்குப் போய், அங்கிருந்து நாவுல பஸ்ஸில் ஏறினோம். வழியில் நாலந்தா வந்தது. மதினியின் தாய்வீட்டுக் கடை இப்போது கைமாறி, தொலைபேசிக் கடையாகிவிட்டது. மதினி மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடை பின்னால் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நாவுலயில் பஸ் மாறினோம். அந்தப் பக்கத்து பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று நடத்துநருக்கே நிச்சயமில்லை. மலை இறங்கி, காடு முடிந்து, இரண்டு பக்கமும் வயல் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வில்கமுவையில் இறங்கி, இரண்டாவது வாய்க்கால் எங்கே என்று கேட்டோம். ட்ரக்டர் ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் சோமபாலவின் பெயரைக் கேட்டதும் பெட்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஐம்பது வயது மதினி சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ட்ரக்டர் பெட்டியில் ஏறினார்.

சோமபால வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எங்களை முதலில் அடையாளம் தெரியவில்லை. நஸீரின் வீடு என்று நான் சொன்னதும், மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மதினியைப் பார்த்து, "நங்கி, திரைக்குப் பின்னால் நின்றது நீங்கள்தானே" என்றார். சிங்களத்தில் நங்கி என்றால் தங்கை. மதினி தலையாட்டினார்.

அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பாத்திரம் எங்களுக்கு ஏற்குமோ என்று யோசித்து, கடையில் வாங்கிய பிஸ்கட்டைப் பிரிக்காமலே கொண்டுவந்து வைத்தார். மதினி அதைப் பிரித்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பெண் உட்கார்ந்தார்.

சோமபால சொன்னதை இங்கே சுருக்கமாகவே எழுதுகிறேன். கேம்பிலிருந்து கால்நடையாகப் பின்வாங்கினார்கள். வழியில் நானாவுக்கு வயிற்றில் பட்டது. சோமபால அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பனங்கூடல்வரை வந்திருக்கிறார். அங்கே இறக்கி வைத்தார். விடிந்து, வெயில் வந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

மதினி கேட்டார்: "ஏதாவது சொன்னாரா?"

சோமபால சொன்னார்:

"நங்கி, உங்களுக்காக நான் எதையாவது சேர்த்துச் சொல்லலாம். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்."

தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, அதுதான் தன் மனதை அரிக்கிறது என்றார். பனையோலையால் மூடினாராம். மூடுவதற்கு முன் ஒரு காரியம் செய்ததாகச் சொன்னார். நானா தினமும் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவார் என்று அவர் கேம்பில் கண்டிருந்தார். காலைச் சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி நானாவைச் சரித்து, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாராம். "சரியா பிழையா தெரியாது" என்றார்.

மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சத்தமாக அழுததை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். சோமபாலவின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

சோமபால அதற்குப் பிறகும் இரண்டு தடவை உக்குவளைவரை வந்திருக்கிறார். சந்தியில் நின்று, அந்த வயதான மனிதரின் முகம் நினைவுக்கு வர, வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

நாங்கள் கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பிழையாக எடுக்க வேண்டாம் என்றார். அன்று தன்னோடு இருந்து இறந்தவர்களுக்காக ஒவ்வொரு வருடமும் ஊர் விகாரையில் தானம் கொடுக்கிறார். பிக்கு அவர்களுடைய பெயர்களைச் சொல்லிப் புண்ணியம் சேர்ப்பார். அதில் நானாவின் பெயரும் உண்டு. ஒரு வருடமும் விட்டதில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிவாசலுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த வீடு எங்களுடையது. அங்கே இருபது வருடத்துக்கும் மேலாக நானாவுக்கு ஒரு யாஸீன் ஓதவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஊரில், வேறு ஒரு மார்க்கத்து மனிதர்கள், அவருக்காக வருடம் தவறாமல் கைகூப்பியிருக்கிறார்கள்.

மௌலவி வந்த நாள்

வந்த மறுவாரம் மதினி இத்தா இருக்க ஆயத்தமானார். வெள்ளைச் சேலை இரண்டு வாங்கி வரச் சொன்னார். எதற்கும் முறையைக் கேட்டுக்கொள்வோம் என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவியை அழைத்தோம். வெளியூர்க்காரர், இளம் வயது, எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவர். முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். மதினி உள்ளறையில் இருந்தார்.

"தாத்தா, நீங்க இப்ப இத்தா இருக்கத் தேவல்ல" என்றார் மௌலவி. எங்களில் தாத்தா என்றால் அக்கா.

செய்தி எப்போது கிடைத்தாலும், மௌத்தான நாளிலிருந்தே இத்தா ஓடத் தொடங்கிவிடும் என்று அவர் விளக்கினார். அந்தக் கணக்கில் மதினியின் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. சோமபால கராம்பு முற்றத்தில் வந்து நின்ற அன்றைக்கே அது முடிந்து பல மாதம். மௌலவி ஆறுதலாகத்தான் சொன்னார். இந்த வயதில் ஒரு சிரமம் குறைந்ததே என்று அவர் முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது.

நான் எழுந்து உள்ளே போகலாமா என்று பார்த்தேன். அப்போது மதினி கேட்டார்.

"அப்ப மௌலவி, சும்மா கேக்கிறேன். அவர் மௌத்தாகி ஏழெட்டு வருசத்தால ஒருத்தர் என்னக் கேட்டு வந்தாங்க. நான் அன்டைக்கு ஓமென்டு சொல்லியிருந்தா, குத்தமா?"

"இல்ல தாத்தா. ஒரு குத்தமும் இல்ல."

"சரி" என்றார் மதினி.

மௌலவி தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் உள்ளே போனபோது மதினி வெள்ளைச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, நீவி, திரும்பப் பிரித்து, மறுபடியும் மடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "அந்தப் புள்ளைகள் ரெண்டும் இப்ப பெருசாகியிருக்கும்" என்றார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் நானாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஒலிபெருக்கியில் பெயரும் தகப்பன் பெயரும் சொன்னது வீட்டுக்குக் கேட்டது.

இத்தா முடிந்த பெண் எங்கே போகலாம் என்பது அவள் விருப்பம். மதினி நாலந்தாவுக்குப் போவதாகச் சொன்னார். பேச்சை நிறுத்தியிருந்த சகோதரரே காரோடு வந்து அழைத்துப் போனார். நாங்கள் தடுக்கவில்லை. தடுக்க எங்களுக்கு என்ன முகம் இருக்கிறது?

மே மாதத்தில்

இந்த வருடம் அழைப்பு வந்தபோது மதினிக்குத் தொலைபேசியில் சொன்னேன். போவோம் என்றார். வில்கமுவைக்கும் சொல்லச் சொன்னார்.

மாத்தளையில் நினைவுத் தூணுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். தாய்மார், மனைவிமார், வளர்ந்துவிட்ட பிள்ளைகள் என்று வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். சோமபால வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பிக்குமார் பிரித் ஓதி முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள்.

பூத்தட்டோடு நின்ற சிறு வயது சிப்பாய், நஸீர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் மதினியே சிங்களத்தில் பதில் சொன்னார். "நான் அவருடைய மனைவி. அவர் இறந்துவிட்டார்." அந்த இடத்தில் பின்னதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பையன் ஒரு கணம் விழித்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு தாமரையை எடுத்து நீட்டினான்.

மதினி வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பூ வைத்துக் கும்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. சோமபால அவர் கையிலிருந்து பூவை வாங்கித் தூணின் அடியில் வைத்தார். மதினி இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

சோமபாலவை வழியனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பஸ் நிலையத்தில் நின்றோம். அவருக்கு வாப்பாவின் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தால் அது நியாயம் என்றும் நினைத்திருந்தேன்.

"மாமா ஒருக்கா இங்க வந்திருக்கலாம் பஸீலா" என்றார். "அந்த மனுசனுக்கும் ஒருக்கா அழக் கிடைச்சிருக்கும்."

நாலந்தா பக்கம் போகும் பஸ் முதலில் வந்தது. மதினி ஏறியதும், ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்தேன். கிடைத்திருந்தது.